வாய்ப்புற்று அறுவையில் ஒளிரும் சாயம்: மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வாய்ப்புற்று அறுவையில் மிகக் கடினமான கேள்வி, கத்தி எங்கே நிற்க வேண்டும் என்பது. கட்டியைச் சுற்றி சுமார் 1 சென்டிமீட்டர் நல்ல சதையும் சேர்த்தே எடுக்கப்படுகிறது. நுண்ணோக்கியில் பார்க்கையில் அதில் 5 மில்லிமீட்டராவது புற்றணு இல்லாதிருந்தால் விளிம்பு சுத்தம் என்பது வழக்கம். குறைந்தால் நோய் திரும்பும் அபாயம் கூடும். கூட்டி வெட்டினால் நாக்கும் தாடையும் பறிபோய், பேசுவதும் விழுங்குவதும் கெடும். இந்த எல்லையைப் பெரும்பாலும் மருத்துவரின் கண்ணும் விரல்நுனியுமே முடிவு செய்கின்றன. ஒளிர்வின் துணையோடு செய்யும் அறுவை இங்கேதான் உதவ முயல்கிறது.

முதலில் நம்பிக்கை தந்தது திசுவின் இயல்பான ஒளிர்வு. நீல ஒளி பட்டால் நல்ல சவ்வு பச்சையாக ஒளிரும், நோயுற்ற இடம் இருண்டு தெரியும். ஆனால் கனடாவில் பல மருத்துவமனைகளில் நடந்து 2020-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், இந்த ஒளியைப் பார்த்து எல்லை குறித்த பின்னும் நோய் அதே இடத்தில் திரும்புவது குறையவில்லை. கருவி வாங்கும் கோப்பில் கையெழுத்திடும் முன் இந்த முடிவைப் படிப்பது அவசியம்.

அடுத்த வழி, புற்றைத் தேடிப் போய் ஒட்டும் சாயம். தலை, கழுத்துப் புற்றணுக்களில் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம் மிகுந்திருக்கும். அதைப் பற்றிக்கொள்ளும் செடுக்சிமாப், பானிடுமுமாப் மருந்துகளோடு சாயத்தை இணைத்து, அறுவைக்குச் சில நாள் முன்பே ரத்தத்தில் செலுத்தி, அகச்சிவப்புக் கேமராவால் பார்க்கும் ஆய்வுகள் அமெரிக்காவில் அலபாமா, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களில் நடந்துள்ளன. ஃப்ரோசன் செக்‌ஷன் என்பது அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது; அது சில இடங்களையே சோதிக்கிறது. கேமராவோ வெட்டிய துண்டின் பரப்பு முழுவதையும் காட்டி, மிக ஒளிரும் இடத்தை நோயியல் மருத்துவருக்குச் சுட்டுகிறது. இது அருமையான வழிதான். ஆனால் அன்றாடச் சிகிச்சைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இன்றே கைக்கு எட்டுவது ஐ.சி.ஜி. என்னும் பச்சைச் சாயம். 1950-களிலிருந்தே மருத்துவத்தில் பழகியது. ஈரல் வழியே வெளியேறிவிடும். புற்றை மட்டும் தனித்துக் காட்டாது. ஆனால், கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்று சேரும் கழுத்துக் கணுவைக் காட்டும். தாடைக்கு வைத்துத் தைத்த சதையில் ரத்தம் ஓடுகிறதா என்றும் காட்டும். கழுத்து எவ்வளவு முக்கியம் என்பதை மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் 2015 ஆய்வு சொல்லும்: ஆரம்பநிலை வாய்ப்புற்றில் கழுத்துக் கணுக்களையும் முதலிலேயே அகற்றியவர்களில் 80 சதவீதத்தினர் மூன்றாண்டுக்குப் பின் உயிரோடிருந்தனர், காத்திருந்து பார்த்தவர்களில் 67.5 சதவீதமே.

பெரிய அறுவைக்கு எங்கள் ஊரான கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. வாய்ப் பரிசோதனையும் பயாப்சியும் அரியலூரிலேயே முடிய வேண்டும். பெரிய அறுவை நடக்கும் தஞ்சாவூரில், ஃப்ரோசன் செக்‌ஷன் பார்க்கும் நோயியல் மருத்துவர் எல்லா அறுவை நாளிலும் இருப்பது முதலில் உறுதியாகட்டும், ஐ.சி.ஜி. கேமரா அதற்கு அடுத்து வரட்டும். விளிம்பு, கணு, நோய் திரும்பியது ஆகிய விவரங்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரம்,
அரியலூர் மாவட்டம்