இரவில் உறங்காத கால்கள்



சென்ற மாதம் நித்திரையின்மை பற்றி எழுதியிருந்தேன். அதன் பின் என்னோடு கதைத்த பலரும் சொன்னது ஒன்றுதான்: "நித்திரை வருது அக்கா, கால்தான் விடுகுதில்லை." இந்த வருத்தம் எனக்கும் பல வருடமாக உண்டு. ஆகவே இம்மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

பகலில் ஒன்றும் தெரியாது. பின்னேரம் ஆனதும் ஓரிடத்தில் இருந்தால், அல்லது பாயில் படுத்தால், கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வது போல, உள்ளே நூல் பிடித்து இழுப்பது போல ஒரு உளைவு தொடங்கும். அதை நோ என்றும் சொல்ல முடியாது. காலை அசைக்க வேண்டும், எழும்பி நடக்க வேண்டும் என்ற அந்தரம் வரும். நடந்தால் குறையும். படுத்தால் திரும்பவும் வரும்.

2009இல் செட்டிகுளம் முகாமில், ஒரே கூடாரத்தில் பலர் நெருக்கிப் படுத்த நாட்களில் இது பெரிய சோதனையாக இருந்தது. எழும்பி நடக்க இடமில்லை. காலை அசைத்தால் பக்கத்தில் படுத்த பிள்ளை எழும்பிவிடும். "பயத்தாலை வாற நரம்புத் தளர்ச்சி" என்றார்கள் சிலர். "யோசிக்காதேங்கோ, சரியாப் போகும்" என்றார்கள் வேறு சிலர். நாங்கள் எல்லோரும் பயந்துதான் இருந்தோம். ஆனால் எல்லா வருத்தத்தையும் யுத்தத்தின் தலையில் போட்டுவிட்டால், மருந்துள்ள வருத்தத்துக்கும் மருந்து கிடைக்காமல் போய்விடும்.

இதற்கு வைத்தியத்தில் பெயர் உண்டு. தமிழில் 'அமைதியற்ற கால் நோய்' எனலாம். 1672இலேயே தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் இதை எழுதி வைத்திருக்கிறார். 1945இல் சுவீடன் வைத்தியர் எக்பொம் இதை விரிவாக ஆராய்ந்தார். ஆண்களை விடப் பெண்களுக்கே கூடுதலாக வரும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வந்து, பிள்ளை பிறந்த பின் பெரும்பாலும் மாறிவிடுவதும் உண்டு. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கும் வரும்.

முக்கிய காரணங்களில் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. எனக்கு இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் அளவாகவே இருந்தது. பிறகு கிளினிக்கில் ஒரு வைத்தியர், உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் 'ஃபெரிட்டின்' பரிசோதனைக்கு எழுதித் தந்தார். அது மிகவும் குறைவாக இருந்தது. கையில் செலவுக்குக் காசு இருந்தும் பெட்டகம் வெறுமையாக இருப்பது போலத்தான். சாதாரணமாகப் போதும் என்று கருதும் அளவுகூட இந்த நோய்க்குப் போதாது. 75க்குக் குறைந்தாலே இரும்பு கொடுத்துப் பார்ப்பார்கள். சில மாதங்கள் குளிசை எடுத்த பின் எனக்குப் பாதிக்கு மேல் குறைந்தது. முழுதாக மாறவில்லை.

இரும்புக் குளிசையைத் தேநீரோடு எடுக்க வேண்டாம், தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் நல்லாகச் சேரும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். பின்னேரத்துக்குப் பிறகு தேநீர், கோப்பி குறைப்பதும், படுக்குமுன் காலைத் தேய்த்து விடுவதும், இளஞ்சூட்டுத் தண்ணீரில் காலை வைத்திருப்பதும் எனக்கு உதவுகின்றன. தடிமனுக்கும் கடிக்கும் எடுக்கும் நித்திரை தூங்கும் குளிசைகள், வாந்திக்குத் தரும் சில மருந்துகள் இதைக் கூட்டும். மனநல மருந்துகள் சிலவும் கூட்டலாம். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தாதேங்கோ, வைத்தியரிடம் சொல்லுங்கோ. இரும்பால் குறையாவிட்டால் வேறு மருந்துகளும் உண்டு.

எல்லாக் கால் உளைவும் இதுவல்ல. உள்ளங்கால் பகலிலும் எரிந்தால், விறைத்தால், செருப்புக் கழன்றது தெரியாவிட்டால், நடந்தும் குறையாவிட்டால், அது நரம்பு பழுதுபடுவதன் அறிகுறியாக இருக்கலாம். சீனி வருத்தம்தான் இதற்குப் பெரிய காரணம். மெற்போமின் குளிசை பல வருடம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்தும் இப்படி வரலாம். தோலில் உணர்ச்சியற்ற, வெளிறிய தேமல் இருந்தால் தொழுநோயாகவும் இருக்கலாம். அதற்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவச மருந்து உண்டு, முற்றாக மாறும். உணர்ச்சி குறைந்த காலை ஒவ்வொரு இரவும் பார்த்து, காயம் இருக்கிறதா என்று கவனியுங்கோ. வெறுங்காலோடு வயலுக்குப் போகாதேங்கோ.

காலை இழந்த சகோதரிகள் சிலர், இல்லாத பாதத்தில் எரிவும் உளைவும் வருகுது என்று சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அது பைத்தியமல்ல. வெட்டுப்பட்ட நரம்பும் மூளையும் இன்னும் அந்தப் பாதத்தை நினைத்திருப்பதால் வருவது. அதற்கும் சிகிச்சை உண்டு.

கிளினிக்குக்குப் போகும்போது, "கால் உளையுது" என்று மட்டும் சொன்னால் நோக்குளிசைதான் கிடைக்கும். நான்கு விடயத்தைச் சொல்லுங்கோ: காலை அசைக்க அந்தரம் வருகுது, இருந்தால் படுத்தால்தான் வருகுது, நடந்தால் குறையுது, இரவில்தான் கூடுது. எத்தனை இரவு நித்திரை கெட்டது என்பதையும் சொல்லுங்கோ.

விடியப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கூலி வேலைக்கும் போகிற பெண்ணுக்கு இரவு நித்திரை ஆடம்பரமல்ல. அதைக் கேட்டு வாங்க வெட்கப்படாதேங்கோ. அடுத்த மாதம் சந்திப்போம்.