“கண்டு களித்தோம்” என்று இனி எழுதாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் கொட்டாவி விட்டது போல இங்கேயும் விடாமல் கடைசி வரை படிக்கவும்.

கோடை விடுமுறை முடிந்ததிலிருந்து என் போன் நிறைய உங்கள் படங்கள்தான். ஒருத்தன் ஈபிள் கோபுரத்தின் உச்சியை விரலால் பிடிக்கிறான். ஒருத்தி சுவிட்சர்லாந்துப் பனியில் பட்டுச்சேலையோடு நிற்கிறாள். என் தம்பி மகன் துபாய் புர்ஜ் கலீபாவுக்கு முன்னால் குடும்பத்தோடு நிற்கிறான். ஆண்டிபட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் இவ்வளவு தூரம் போயிருக்கிறார்களே என்று பூரித்துப் போய் எல்லாருக்கும் லைக் போட்டேன். அதில் பொய் இல்லை.

ஆனால் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்ததும் எரிச்சல் வந்தது. “செம ட்ரிப்.” “வாழ்நாள் கனவு நனவானது.” “நம்ம ஊரு எப்பதான் இப்படி மாறுமோ!” பாரிஸுக்கும் இதே மூன்று வரி, துபாய்க்கும் இதே மூன்று வரி. படத்தை மறைத்துவிட்டுப் படித்தால் எந்த ஊருக்குப் போனீர்கள் என்று உங்கள் தாயாருக்கே தெரியாது.

இதற்கு முதல் குற்றவாளி நான்தான். ஆசிரியர் பயிற்சி முடித்து 33 வருடம் வேலை பார்த்தேன். வருடம் தவறாமல் உங்களை வைகை அணைக்குச் சுற்றுலா கூட்டிப்போனேன். மறுநாள் கரும்பலகையில் குறிப்புச் சட்டகம் எழுதிப்போடுவேன். முன்னுரை, புறப்பாடு, கண்ட காட்சிகள், முடிவுரை. “பேருந்தில் ஏறினோம். பூங்காவைக் கண்டு களித்தோம். கட்டுச்சோறு உண்டோம். மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்.” நாற்பது நோட்டிலும் ஒரே கட்டுரை. எழுத்துப்பிழை இல்லாவிட்டால் முழு மார்க். இன்றைக்கு நீங்கள் சுவிட்சர்லாந்து போய் எழுதுவதும் அதே கட்டுரைதான். பேருந்து விமானமாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

1994ல் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் மாற்றி எழுதினான். “எங்க அப்பத்தா அணைக்கட்டுக்கு வராது. அதோட வீடும் காடும் தண்ணிக்குள்ள கிடக்கு.” நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு வரியையும் சிவப்பு மையால் அடித்து, “தலைப்பை விட்டு விலகாதே” என்று எழுதி, பத்துக்கு நாலு போட்டேன்.

அதை நான் மறந்தே போனேன். ஓய்வு பெற்ற 2018ல், மகளின் பேறுகாலத்துக்காக இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகருக்குப் போயிருந்தேன். அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் என்னை லேடிபவர் என்ற நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிப்போனார். “அத்தே, உங்க ஊர் அணை மாதிரியே இங்கயும் ஒண்ணு இருக்கு” என்றார். அந்த வருடம் கோடையில் வறட்சி. தண்ணீர் இறங்கி, சேற்றில் இடிந்த சுவர்கள் தெரிந்தன. அணைக்காக டெர்வென்ட், ஆஷப்டன் என்று இரண்டு ஊர்களை மூழ்கடித்திருக்கிறார்கள். டெர்வென்ட் மாதா கோயில் கல்லறைகளில் இருந்தவர்களைத் தோண்டி எடுத்துப் பக்கத்து ஊரான பாம்ஃபோர்டில் மறுபடி அடக்கம் செய்திருக்கிறார்கள். ஊரின் பழைய கல்பாலத்தைக் கல் கல்லாகப் பிரித்து ஆற்றின் மேல்பகுதியில் கட்டியிருக்கிறார்கள். கோயில் கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றதாம். அதை 1947ல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

குழந்தைகளோடு வந்திருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் சேற்றோரம் நின்று இது வீடு, இது தெரு என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்றபோதுதான் 24 வருடம் கழித்து அந்த இரண்டு வரி எனக்கு ஞாபகம் வந்தது.

ஊர் திரும்பியதும் அவனைத் தேடிப் பிடித்தேன். கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறான். “அப்பத்தா ஊர் எதுப்பா?” என்றேன். சிரித்தான். “அது செத்தே இருபது வருஷமாச்சு டீச்சர். ஊர் பேரு எனக்குத் தெரியலையே. அப்பாவும் இல்ல.” கட்டுரை எழுதியதே அவனுக்கு நினைவில் இல்லை. அன்றைக்கு அடிக்காமல், “அது எந்த ஊரு, கேட்டுட்டு வா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெயர் ஒரு நோட்டிலாவது இருந்திருக்கும்.

1959ல் திறந்த அணை. முழுக் கொள்ளளவு 71 அடி, 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை என்று நம் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த 71 அடிக்குக் கீழே கிடக்கும் ஊர்களில் ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். கவிஞர் வைரமுத்து “கள்ளிக்காட்டு இதிகாசம்” எழுதி, அதற்கு 2003ல் சாகித்ய அகாடமி விருதும் கிடைத்தது. ஆனாலும் நாம் பூங்காவில் பொரித்த மீன் தின்றுவிட்டு வந்துவிடுகிறோம்.

“டீச்சர், வருஷம் பூரா உழைச்சிட்டு ஓய்வுக்குப் போறோம், அங்கயும் வீட்டுப்பாடமா?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஓய்வெடுங்கள், படமும் எடுங்கள். கேமரா மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏ.கே. செட்டியார் புகைப்படக் கலையை டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் படித்தவர். உலகம் சுற்றிக் காந்தியின் படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து 1940ல் ஆவணப்படமே எடுத்தவர். அவர் போன ஊர்களில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று எளிய தமிழில் எழுதியும் வைத்தார். நான் உங்களிடம் புத்தகம் கேட்கவில்லை. போன ஊரில் ஒரே ஒரு கேள்வி கேட்டு வாருங்கள் என்கிறேன்.

சிங்கப்பூருக்குப் போனவர்களே, அங்கிருந்து ஜோகூருக்குப் பஸ்ஸில் போகும்போது பாலத்தோரம் பெரிய பெரிய குழாய்களைப் பார்த்தீர்களா? அது மலேசியாவிலிருந்து வரும் தண்ணீர். 1962ல் போட்ட ஒப்பந்தம், 2061 வரை செல்லும். விலையைப் பற்றி இரண்டு நாடும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. பெரியாற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் குழாயைப் பார்த்ததும் முல்லைப்பெரியாறு ஞாபகம் வர வேண்டாமா? “நம்ம ஊரு எப்ப இப்படி மாறுமோ” என்று பெருமூச்சு விடுகிறவர்கள், அந்த ஊர் எப்படி அப்படி ஆனது, யார் உழைத்தார்கள், யார் இழந்தார்கள் என்று கேட்டதுண்டா? கேட்காமல் விடும் பெருமூச்சால் யாருக்கும் பயன் இல்லை.

இப்போது வீட்டுப்பாடம். அணையில் மூழ்கிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இன்னும் ஒருவர் இருவர் இருப்பார்கள். எண்பதைத் தாண்டியிருப்பார்கள். அடுத்த வெளிநாட்டுக்கு டிக்கெட் போடும் முன் அவர்களிடம் போய் உட்காருங்கள். ஊர்ப்பெயர், தெரு, கோயில், கிணறு என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கீழே கமெண்டில் எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை. இந்த முறை சிவப்பு மை கிடையாது.

அந்த ஜீப்காரத் தம்பியும் இதைப் படிப்பான். உனக்குப் போட்ட நாலு மார்க் தப்புப்பா. டீச்சரை மன்னித்துவிடு.