பழி சுமந்த பயிற்சியாளர்கள்

குடும்பங்களுக்கான இப்பகுதியில் கால்பந்தைப் பற்றி நாம் எழுதுவது வாசகர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். எந்த அணி வென்றது, எந்த அணி தோற்றது என்பதன்று நமது கவலை. தோற்றவர் அடுத்த ஆண்டு வெல்லலாம். ஆனால் ஒருவர் இழந்த நற்பெயர் அவ்வளவு எளிதில் திரும்பி வருவதில்லை. அதைப் பற்றியே இம்மாதம் வாசகர்களோடு சிந்திக்க விரும்புகிறோம்.

சில வாரங்களுக்கு முன்பு, தாம்பரத்தை அடுத்த ஓர் ஆலயத்தில் ஞாயிறு மாலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தோம். முற்றத்து வேப்பமரத்தடியில் இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் கூடி நின்று காரசாரமாக வாதாடிக் கொண்டிருந்தார்கள். பங்கு விழாவுக்கு நன்கொடை பிரிப்பது பற்றிய பேச்சாக இருக்கும் என்று எண்ணி அருகில் சென்றோம். பேச்சோ அயல்நாட்டுக் கால்பந்துப் பயிற்சியாளர்களைப் பற்றியது. அவர்களில் யார் நேர்மையானவர், யார் ஏமாற்றுக்காரர் என்பதே வழக்கு.

"வேவு பார்க்க ஆள் அனுப்பியவரை நீ எப்படிப் பெரிய பயிற்சியாளர் என்கிறாய்?" என்றான் ஒருவன். "அபராதத்தைத் தன் கைப்பணத்திலிருந்து கட்டியவரை நீ எப்படி ஏமாற்றுக்காரர் என்கிறாய்?" என்றான் மற்றொருவன். இருவருமே ஒரே மனிதரைப் பற்றித்தான் பேசிக் கொண்டிருந்தார்கள்.

அவர் அர்ஜென்டினா நாட்டவரான மார்செலோ பியெல்சா. 2019 ஜனவரியில் அவர் இங்கிலாந்தின் லீட்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். டெர்பி அணியோடு மோதுவதற்கு முந்தைய நாள், அந்த அணியின் பயிற்சித் திடலுக்கு வெளியே நின்று நோட்டம் பார்த்த ஒருவர் காவல்துறையினரிடம் சிக்கினார். அவர் லீட்ஸ் அணியின் ஊழியர். பியெல்சா மழுப்பவில்லை. அனுப்பியது தாமே என்றும், மற்ற எதிரணிகளையும் அவ்வாறே பார்க்கச் செய்ததாகவும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். விதிக்கப்பட்ட 2 லட்சம் பவுண்டு அபராதத்தை அவரே செலுத்தினார். போட்டிக்கு முந்தைய 72 மணி நேரத்தில் எதிரணியின் பயிற்சியைப் பார்க்கலாகாது என்ற தெளிவான விதி அதன் பின்னரே இயற்றப்பட்டது.

அதே ஆண்டு ஏப்ரலில் ஆஸ்டன் வில்லா அணியோடு ஆட்டம். எதிரணி வீரர் ஒருவர் அடிபட்டுத் தரையில் கிடந்தபோது லீட்ஸ் அணியினர் ஆட்டத்தை நிறுத்தாமல் கோல் போட்டுவிட்டனர். பியெல்சா தம் வீரர்களை நோக்கி, எதிரணி ஒரு கோல் போடும்வரை தடுக்காமல் நிற்குமாறு கட்டளையிட்டார். ஆட்டம் 1-1 என முடிந்தது. அதற்காக அவ்வாண்டு செப்டம்பரில் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு நேர்மை விருது வழங்கியது. பிப்ரவரியில் அபராதம், செப்டம்பரில் விருது. மனிதர் ஒருவரே. இவரை எந்தப் பெட்டியில் போட்டு மூடுவது? மரத்தடி இளைஞர்கள் விடை காணவில்லை. நாமும் காணவில்லை.

பேச்சு பின்னர் 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்றது. கனடா மகளிர் அணியைச் சேர்ந்த ஊழியர்கள், நியூசிலாந்து அணி பயிற்சி செய்த திடலுக்கு மேலே டிரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானத்தைப் பறக்கவிட்டுப் படமெடுத்தது வெளிப்பட்டது. தலைமைப் பயிற்சியாளர் பெவ் பிரீஸ்ட்மனுக்கும் ஊழியர் இருவருக்கும் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அணியின் கணக்கிலிருந்து 6 புள்ளிகள் கழிக்கப்பட்டன. அந்தப் பெண்களோ தொடக்கச் சுற்றின் மூன்று ஆட்டங்களிலும் வென்று 9 புள்ளிகள் பெற்றார்கள். கழித்தது போக மீந்த மூன்றைக் கொண்டே காலிறுதிக்குச் சென்றார்கள். மேலே இருந்தவர் செய்த பிழைக்குத் திடலில் ஓடியவர்கள் விலை கொடுத்தார்கள். வீட்டுத் தலைவர் செய்த தவற்றுக்குப் பிள்ளைகள் தலைகுனிந்து நடப்பதை நம் தெருக்களிலும் காண்கிறோம் அல்லவா?

இந்த நேரத்தில், ஓரமாக நின்று கேட்டுக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பேச்சில் நுழைந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "தம்பிகளா, கபில்தேவ் அழுததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன்" என்றார். கூட்டம் அமைதியாயிற்று.

1983இல் உலகக் கோப்பையை நம் நாட்டுக்குக் கொண்டுவந்த தலைவர் கபில்தேவ். 1999இல் அவர் இந்தியக் கிரிக்கெட் அணியின் பயிற்சியாளரானார். 2000 ஏப்ரலில் தென்னாப்பிரிக்க அணித் தலைவர் ஹான்சி குரோனியே சூதாட்டத் தரகரோடு பேசியதை டில்லிக் காவல்துறை வெளியிட்டபோது, கிரிக்கெட் உலகமே ஆட்டம் கண்டது. பழைய புகார்கள் பலவும் மேலே வந்தன. 1994இல் இலங்கையில் மோசமாக ஆடுவதற்குத் தமக்கு 25 லட்சம் ரூபாய் தருவதாகச் சக வீரர் ஒருவர் கூறினார் என்று மனோஜ் பிரபாகர் முன்பே சொல்லியிருந்தார். அந்தச் சக வீரர் கபில்தேவ்தான் என்று 2000 மே மாதத்தில் கிரிக்கெட் வாரியத்தின் முன்னாள் தலைவர் ஒருவர் தொலைக்காட்சியில் கூறினார். அம்மாதத்திலேயே கரண் தாப்பருடன் நடந்த பேட்டியில் கபில்தேவ் உடைந்து அழுதார். செப்டம்பரில் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார்.

அவ்வாண்டு நவம்பர் தொடக்கத்தில் மத்தியப் புலனாய்வுத் துறையின் அறிக்கை வெளிவந்தது. கபில்தேவ் மீதான புகாருக்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்பது அதன் முடிவு. டிசம்பரில் கிரிக்கெட் வாரியம் வேறு சிலர் மீது நடவடிக்கை எடுத்தது. ஐந்தாண்டுத் தடை பெற்றவர்களுள் புகார் கூறிய பிரபாகரும் ஒருவர்.

"அந்த மே மாதத்தில் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை செல்லும் மின்சார ரயிலில் தினமும் இதே பேச்சுத்தான்" என்றார் பெரியவர். "குற்றமற்றவர் ஏன் அழ வேண்டும் என்று கேட்டு எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நவம்பரில் அறிக்கை வந்த மறுநாள் அதே பெட்டியில், அதே நண்பர்களோடுதான் பயணம் செய்தேன். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை."

அன்பார்ந்த வாசகர்களே, அந்தப் பெரியவரின் சொற்கள் நம்மை உறங்கவிடவில்லை. காரணம், நம்முடைய கணக்கிலும் தீர்க்கப்படாத கடன் ஒன்று இருந்தது.

கால்பந்து என்றால் சென்னையில் வியாசர்பாடியைத்தான் சொல்வார்கள். எனினும் பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை நம் புறநகர்களிலும் மாலை நேரத்தில் சிறுவர்களைக் கூட்டி வைத்துப் பந்தாட்டம் கற்பிப்போர் உண்டு. அவர்களில் ஒருவரை நாம் நன்கு அறிவோம். தொழிற்சாலையில் காலைப் பணி முடித்து வந்து, சல்லிக்காசு பெறாமல் இருபது பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்றுக் கொடுத்தவர். பந்துக்குக் காற்றடிப்பது முதல் கிழிந்த காலணியைத் தைக்கக் கொடுப்பது வரை எல்லாம் அவரே. பிள்ளைகள் அவரை 'மாஸ்டர்' என்று அழைப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, 14 வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டியொன்றில் அவருடைய பிள்ளைகள் கோப்பை வென்றனர். மறுநாளே புகார் எழுந்தது. கோல் போட்ட பையனுக்கு வயது அதிகம், மாஸ்டர் சான்றிதழைத் திருத்தினார் என்றார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதியும் பள்ளிப் பதிவேட்டில் வேறொரு தேதியும் இருந்தது உண்மை. ஒரு வாரத்திற்குள் அது கைப்பேசிகளின் வழியே ஊரெங்கும் பரவியது. பரவும்போதே வளர்ந்தது. அந்தப் பையனின் தந்தையிடம் மாஸ்டர் பணம் வாங்கினார் என்றார்கள். பின்னர், இது பல ஆண்டுகளாக நடப்பதுதான் என்றார்கள். கோப்பை திரும்பப் பெறப்பட்டது. பெற்றோர் தம் பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்திக் கொண்டனர்.

வயதை மறைத்து ஆடவைக்கும் ஏமாற்று நம் நாட்டு இளையோர் விளையாட்டில் இல்லாததன்று. அதனால்தான் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் வளர்ச்சியைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையை விளையாட்டு அமைப்புகள் கையாளுகின்றன. ஆகவே ஐயம் எழுந்ததில் தவறில்லை. ஐயத்தையே தீர்ப்பாக்கிக் கொண்டதுதான் தவறு.

ஆறு மாதம் கழித்து உண்மை தெரிந்தது. பிறப்புச் சான்றிதழில் இருந்த தேதியே சரியானது. பிள்ளையை ஓராண்டு முன்னதாகப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்ற அவசரத்தில், தந்தை அன்று வாய்மொழியாக வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார். பள்ளியிலும் அப்படியே எழுதிக் கொண்டார்கள். நம் வீடுகளில் எத்தனையோ பேர் செய்த காரியந்தான். இதைச் சொன்னால் பிள்ளையின் படிப்புக்கு ஊறு வருமோ என்று அஞ்சி அந்தத் தந்தை வாய் மூடியிருந்தார். போட்டியை நடத்தியவர்கள் மாஸ்டர் மீது பிழையில்லை என்று கடிதம் கொடுத்தார்கள். புகாரை ஊரே படித்தது. கடிதத்தைப் படித்தவர்கள் நான்கு பேர் இருக்கலாம்.

அந்த ஆறு மாதங்களில் நாம் என்ன செய்தோம்? ஆலய வாசலில் ஒருவர் மாஸ்டரைப் பற்றிச் சொன்னபோது, "அப்படியா? பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்றோம். அது அவருக்காகப் பேசியது போலத் தோன்றும். உண்மையில் அது பழியை ஏற்றுக்கொண்ட பேச்சு. அவர் வீடு நடந்து செல்லும் தொலைவில்தான் இருந்தது. சென்று ஒரு சொல் கேட்க நமக்கு மனம் வரவில்லை.

திருவள்ளுவர் புறங்கூறாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். திருச்சபையின் மறைக்கல்வி நூலோ எட்டாம் கட்டளையை விளக்கும் இடத்தில் மூன்று பிழைகளைப் பிரித்துக் காட்டுகிறது. போதிய சான்றின்றிப் பிறர் குற்றத்தை மனத்தில் உண்மையென ஏற்பது ஒன்று. உண்மையான குற்றத்தையே தக்க காரணமின்றி அறியாதவர்களிடம் பரப்புவது இரண்டாவது. பொய்யைச் சொல்லிப் பெயரைக் கெடுப்பது மூன்றாவது. மூன்றாவதை நாம் செய்வதில்லை என்று நிம்மதி கொள்கிறோம். முதலிரண்டும் நம் அன்றாட உணவாகிவிட்டன. பறித்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது போலவே, கெடுத்த பெயரையும் சீர்செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம் என்றும் அந்நூல் கற்பிக்கிறது.

இதைப் படித்து, பயிற்சியாளர்களைப் பற்றி எவரும் எதுவும் பேசலாகாது என்று நாம் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். 2021இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர், அவரிடம் பயின்ற பெண்ணின் புகாரின்பேரில் கைது செய்யப்பட்டார். இத்தகைய புகார்களில் நற்பெயரைக் காப்பதாகச் சொல்லி மௌனம் காப்பது பெரும் பாவம். பிள்ளை வந்து ஒன்றைச் சொன்னால் நம்புங்கள். அன்றே காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். உரிய இடத்தில் புகார் கொடுப்பது வேறு, தேநீர்க் கடையில் தீர்ப்பு எழுதுவது வேறு. முன்னது உண்மையை வெளிக்கொணரும். பின்னது குற்றவாளியையும் தண்டிப்பதில்லை; குற்றமற்றவரையும் விடுவிப்பதில்லை.

குற்றம் நிறுவப்பட்ட பின்னரும் தண்டனைக்கு ஓர் அளவு உண்டு. 2013இல் எழுந்த சூதாட்டப் புகாரை அடுத்து, நீதிபதி லோதா குழு 2015 ஜூலையில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு ஈராண்டுத் தடை விதித்தது. அணி நிர்வாகத்தைச் சேர்ந்த குருநாத் மெய்யப்பனுக்கு வாழ்நாள் தடை விதித்தது. தடைக்காலம் முடிந்து 2018இல் அணி திரும்பியபோது, மஞ்சள் சட்டை அணிந்த பிள்ளைகளைப் பார்த்து "சூதாடிகள்" என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. சட்டை அணிந்த பிள்ளை என்ன சூதாடியது? தண்டனையை அனுபவித்து முடித்தபின்னும் எத்தனை காலம் கல்லெறிவது?

எனவே வீட்டில் தொலைக்காட்சியின் முன் அமரும்போது பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம். இது புகாரா, தீர்ப்பா? தவறு செய்தவர் யார், அதற்காக நாம் ஏசுவது யாரை? நாளை இவர் குற்றமற்றவர் என்று தெரிந்தால், இன்று பேசிய அதே குரலில் அதையும் சொல்வோமா?

மரத்தடிப் பேச்சுக்குப் பின் வந்த சனிக்கிழமை, அந்தப் பையனின் தந்தையை உடன் அழைத்துக்கொண்டு மாஸ்டரின் வீட்டுக்குச் சென்றோம். தந்தை மன்னிப்புக் கேட்டார். நாமும் கேட்டோம். மாஸ்டர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பையன் இப்போது ஆடுகிறானா?" என்று கேட்டார். இல்லை என்றார் தந்தை. "அதுதான் வருத்தம்" என்றார் மாஸ்டர். மீண்டும் திடலுக்கு வருவீர்களா என்று கேட்டோம். "முன்போல் உடம்பு இடம் கொடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டார். அது முழு உண்மையன்று என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

போட்டி நடத்தியவர்கள் கொடுத்த அந்தக் கடிதத்தை அவருடைய அனுமதியோடு பங்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். காலம் கடந்த செயல்தான். ஆயினும் ஞாயிறுதோறும் அங்கே சிலர் நின்று படிக்கிறார்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு மாஸ்டர் இருக்கக்கூடும். அவர் வீடு தொலைவில் இருக்காது.