அடுத்தவர் கையில் சீட்டு

சீட்டாட்டத்தில் எனக்குப் பிடித்த இடம், ஆடுகிறவரின் முதுகுக்குப் பின்னால். 'அந்த ஜாக்கியை ஏன் ஸார் இறக்கினீங்க?' என்று உச்சுக் கொட்டலாம், கைக்காசு போகாது. பி.காம். படித்தவனுக்கு முதல் போடாத லாபம் கசக்குமா?

இந்த ஓசிப் பாடத்துக்கு மூளையில் தனிப் பேரேடே இருக்கிறது! வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளைக்குள் மெல்லிய கம்பி பொருத்தப்பட்டிருந்த சிலரை வைத்து அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சோதித்த முடிவு 2016-ல் வெளியானது. இரண்டு சீட்டுக்கட்டுகள், ஒன்றில் ஜெயிக்க வாய்ப்பு அதிகம். கொஞ்ச நேரம் இவர்களே சீட்டு எடுக்கணும், கொஞ்ச நேரம் மற்றவர்கள் எடுப்பதை வேடிக்கை பார்க்கணும். அடுத்தவருக்கு எதிர்பார்த்ததைவிடக் கூட வந்ததா, குறைய வந்ததா என்று நெற்றிக்குப் பின்னால், மூளையின் உட்புறத்தில் சில செல்கள் வரவு செலவு எழுதிக்கொண்டிருந்தன.

சீட்டில் தப்புக் கணக்கு எழுதினால் பத்து ரூபாய் போகும். கடலில்?

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். (முத்துக்குளிப்பு 1961-ஓடு சரி.) அந்தக் காலத்தில் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். மூச்சு முட்டினால் கயிற்றை அசைக்க வேண்டியது. மேலே இருப்பவர் தூக்கிவிடுவார். கயிறு பிடிக்க மச்சானைத்தான் நம்புவார்களாம். தங்கச்சி தாலியாச்சே!

இப்போது படகில் கம்ப்ரஸர். டியூப் வழியாகக் காற்று. ஆழத்தில் நெடுநேரம் இருக்கலாம். வம்பே அதில்தான். அழுத்தத்தில் ரத்தத்தில் கரைகிற நைட்ரஜன், ஆள் சரசரவென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழியாகிவிடும். மூட்டுகள் வலிக்கும். தண்டுவடத்தைத் தாக்கினால் கால் விழுந்துவிடும். உயிரே போவதும் உண்டு.

இது பெரும்பாலும் பார்த்துப் பழகுகிற தொழில். புதுப் பையன் ஒருத்தன், அண்ணன்காரன் அவசரமாக மேலே வருவதைப் பார்க்கிறான் என்று வையுங்கள். பை நிறையச் சங்கு, முகத்தில் சிரிப்பு. பையன் தலைக்குள் உடனே 'வரவு' என்று பதிவாகும். மறுநாளும் வரவு. குமிழி கண்ணுக்குத் தெரியாதே! வலி சில சமயம் மணிக்கணக்கில் கழித்துத்தான் ஆரம்பிக்கும். அந்தச் செலவைப் பார்க்கப் பையன் பக்கத்தில் இருக்க மாட்டான். அடுத்த கடலுக்குத் தயாராகிக்கொண்டிருப்பான்.

அந்தப் படகில் நான் வயசான அண்ணாச்சியாக இருந்தால் பையனைக் கூப்பிட்டுச் சொல்வேன்: "ஏலே, அவன் எத்தன சங்கு எடுத்தான்னு எண்ணாத. ராத்திரி அவன் வீட்டுக்குப் போயி, எந்திரிச்சு நடக்கானான்னு பாத்துட்டு வா."