ஏர்செல்: வட்டத்துக்குள் இருந்த வரை

தமிழ்நாட்டில் தொடங்கி, தமிழ்நாட்டையே பெரிய சந்தையாகக் கொண்டு வளர்ந்த கைப்பேசி நிறுவனம் ஏர்செல். 1999இல் சேவையைத் தொடங்கிய அது, 2018 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. இந்தப் பத்தொன்பது ஆண்டுக் கதையைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்பே அரசு போட்டுவைத்த ஒரு கோட்டைப் பார்க்க வேண்டும்.

1994இல் தனியாருக்குக் கைப்பேசி உரிமம் கொடுக்க முடிவான போது, நாடு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. சென்னை தனி வட்டம். அதில் ஸ்கைசெல், ஆர்பிஜி செல்லுலார் என்று இரண்டு நிறுவனங்கள். அந்த வட்டம் மறைமலை நகர், மாமல்லபுரத்தோடு முடிந்துவிடும். அதற்குத் தெற்கே எல்லாம் தமிழ்நாடு வட்டம். புதுச்சேரியும் காரைக்காலும் அதற்குள் அடக்கம். இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள திருவக்கரையிலிருந்து சற்று தூரம் போனால் புதுச்சேரி எல்லை. அங்கே மதுக்கடை மாறும், பெட்ரோல் விலை மாறும், வட்டம் மட்டும் மாறாது. திண்டிவனத்திலிருந்து வடக்கே சென்னைக்குப் போனால், ஒரே மாநிலத்துக்குள்ளேயே ரோமிங். சென்னையும் தமிழ்நாடும் ஒரே வட்டமாக இணைந்தது 2005இல்தான்.

தமிழ்நாடு வட்டத்தில் உரிமம் பெற்றிருந்தவை பிபிஎல், ஸ்ரீனிவாஸ் செல்காம் ஆகிய இரண்டு. இதில் இரண்டாவதைத்தான் சி. சிவசங்கரன் கையில் எடுத்து ஏர்செல் ஆக்கினார். ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் மூலம் 1980களில் மலிவு விலைக் கணினி விற்றுப் பெயர் வாங்கியவர் அவர். வந்த நேரமும் நல்ல நேரம். அதுவரை நிறுவனங்கள் ஆண்டுதோறும் பெருந்தொகையை உரிமக் கட்டணமாகக் கட்டித் திணறிக்கொண்டிருந்தன. 1999 தொலைத்தொடர்புக் கொள்கை அதை மாற்றி, வருவாயில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றது.

தொடக்கத்தில் ஒரு நிமிடப் பேச்சுக்கான உச்சவரம்பு 16 ரூபாய் 80 காசு. பேசுகிறவர் மட்டுமல்ல, அழைப்பை எடுக்கிறவரும் காசு கொடுக்க வேண்டும். 2003 மே மாதம் இன்கமிங் இலவசமானது. கைப்பேசி காண்ட்ராக்டர் கையிலிருந்து கொத்தனார் கைக்கு வந்தது அதன் பிறகுதான். கல்குவாரிகளும் ஜல்லி லாரிகளும் நிறைந்த திருவக்கரை போன்ற ஊரில், லோடு எங்கே நிற்கிறது என்று கேட்கும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.

ஏர்செல்லின் பலம் பெட்டிக்கடையில் இருந்தது. சரம் சரமாகத் தொங்கும் ரீசார்ஜ் கார்டு; காசால் சுரண்டினால் வரும் எண்; பேலன்ஸ் பார்க்க *125#. மாதச் சம்பளமோ முகவரிச் சான்றோ வலுவாக இல்லாதவர்களுக்குப் போஸ்ட்பெய்டு எட்டாது. கையில் காசு இருக்கிற அன்று போட்டுக்கொள்ளும் ப்ரீபெய்டு அவர்களுக்குச் சரியாக வந்தது. 2002க்குள் ஏர்டெல்லும் பிஎஸ்என்எல்லும் வந்துவிட்ட பிறகும், தமிழ்நாட்டில் ஏர்செல் ஆட்டம் காணவில்லை. 2003இல் ஆர்பிஜி செல்லுலாரை வாங்கிச் சென்னைக்குள்ளும் நுழைந்தது.

2006இல் நிறுவனத்தின் 74 சதவீதம் மலேசியாவின் மேக்சிஸுக்குப் போனது. அதன் அப்போதைய உரிமையாளர் டி. ஆனந்த கிருஷ்ணன், யாழ்ப்பாணத் தமிழ் வழிவந்தவர். இந்த விற்பனை கட்டாயப்படுத்தி நடந்தது என்று சிவசங்கரன் பின்னாளில் புகார் சொல்ல, சிபிஐ வழக்கு வந்தது. அதில் குற்றம் சாட்டப்பட்டிருந்த, முன்னாள் தொலைத்தொடர்பு அமைச்சர் தயாநிதி மாறன் உள்ளிட்ட மாறன் சகோதரர்களைத் தனி நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் விடுவித்தது. பத்திரிகைகள் ஏர்செல்லைப் பற்றி எழுதியதில் பெரும்பகுதி இந்த வழக்குதான். நிறுவனத்தைக் கவிழ்த்தது இது அல்ல.

கவிழ்த்தது விரிவாக்கம். புதிய உரிமையாளர்கள் நாடு முழுக்கப் போக நினைத்தார்கள். சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையில் பெயர், தோனி விளம்பரம், புலிகளைக் காக்கும் பிரசாரம் என்று பெயர் பரவியது. 2010 ஏலத்தில் 13 வட்டங்களுக்கு 3ஜி அலைக்கற்றை வாங்க ஏறத்தாழ 6,500 கோடி ரூபாய். 8 வட்டங்களில் அகன்ற அலைவரிசைக்கு மேலும் 3,400 கோடிக்கு மேல். அதே ஆண்டு, சொந்தமாக வைத்திருந்த சுமார் 17,500 டவர்களை ஜிடிஎல் இன்ஃப்ராவுக்கு 8,400 கோடிக்கு விற்றது. அதன் பின், முன்பு சொந்தமாக இருந்த அதே டவர்களுக்கு வாடகை கட்ட வேண்டிய நிலை. கணக்குப் பார்க்கத் தெரிந்த எந்த வியாபாரியும் யோசித்திருக்க வேண்டிய இடம் இது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து, பேச்சை இலவசமாக்கியது. ஜியோதான் ஏர்செல்லைக் கொன்றது என்பது பாதி உண்மை. கடன் இல்லாத நிறுவனம் அந்த அடியைத் தாங்கியிருக்கக்கூடும். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணையும் முயற்சியும் 2017 அக்டோபரில் கைவிடப்பட்டது. 2018 பிப்ரவரியில், பாக்கிக்காக டவர்கள் நிறுத்தப்பட, தமிழ்நாடு முழுக்க ஏர்செல் போன்களில் சிக்னல் போனது. வேறு நிறுவனத்துக்கு மாறப் போர்ட் குறியீடு வேண்டும். அதைப் பெற எஸ்எம்எஸ் அனுப்பவும் சிக்னல் வேண்டும். ஏர்செல் அலுவலகங்கள் முன் கூட்டம் நெருக்கித் தள்ளியது. வங்கியிலும் சமையல் எரிவாயுப் பதிவிலும் அந்த எண்தான் இருந்தது என்பதால், சிம்மைத் தூக்கிப்போட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. வாடிக்கையாளர்கள் மாறிக்கொள்ள ஏப்ரல் 15 வரை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கால அவகாசம் கொடுத்தது.

திவால் மனுவை மும்பை கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் ஏற்று, 2020 ஜூனில் யுவி அசெட் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனத்தின் தீர்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஏர்செல்லுக்கு ஒதுக்கப்பட்டிருந்த 9842 வரிசை எண்கள், இன்று மற்ற நிறுவனங்களின் இணைப்பில் இயங்குகின்றன.