எண்ணெயிட முடியாத மூட்டு

கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குப் பேருந்தில் செல்ல நேர்ந்தால் ஓட்டுநரின் கைகளைச் சற்றே கவனியுங்கள். நேரான சாலையிலும் அவை ஓய்வதில்லை. விரற்கடை அளவு இப்புறம், விரற்கடை அளவு அப்புறம் எனச் சக்கரத்தை அசைத்துக்கொண்டே இருக்கும்.

சில விண்கலங்களில் உந்துபொறியைத் தாங்கும் மூட்டும் இவ்வாறே அசைகிறது. எரிபொருள் குறையக் குறையக் கலத்தின் எடைமையம் இடம்பெயரும். உந்துவிசை அம்மையத்தின் வழியே செல்லாவிடில் கலம் சுழலத் தொடங்கிவிடும். எனவே பொறியைச் சிறிது சிறிதாகத் திருப்பியாக வேண்டும். நம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் விகாஸ் பொறியும் திரும்பக் கூடியதே. ஆனால் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் அதன் பணி இரண்டரை நிமிட அளவில் முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய மூட்டின் கதை வேறு.

பேருந்துக்குப் பணிமனை உண்டு. கிரீஸ் தீர்ந்தால் மறுபடியும் இடுவார்கள். விண்ணில் யார் இடுவது? போதாக்குறைக்கு, அந்த வெற்றிடத்தில் சாதாரண எண்ணெய் ஆவியாகிவிடும். ஆகவே எளிதில் ஆவியாகாத தனிவகை எண்ணெயையோ, மாலிப்டினம் டைசல்பைடு என்னும் உலர் பூச்சையோ பயன்படுத்துகின்றனர்.

இம்மூட்டின் ஆயுளை ஆண்டுகளால் மட்டும் அளப்பதில்லை; அசைவுகளாலும் அளக்கின்றனர். எத்தனை இலட்சம் அசைவுகள் தேவைப்படும் என்று கணக்கிட்டு, காற்றகற்றிய கலனுள் வெப்பத்திலும் குளிரிலும் அதனினும் மிகுதியாக அசைத்துப் பார்க்கின்றனர்.

பத்தாண்டு அசைவுகளைப் பத்தே மாதத்தில் ஓட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது! விரைவாக ஓட்டினால் பேரிங்கின் குண்டுகள் எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து செல்லும்; உலோகத்தை உலோகம் தொடாது. மெல்ல, சிறிதளவே அசையும்போதுதான் எண்ணெய் ஓரத்திற்கு ஒதுங்கித் தேய்மானம் உண்டாகிறது. விரைவுச் சோதனையில் தேறிய மூட்டு உண்மைப் பயணத்தில் தவறிவிடக்கூடும்.

பொறியின் ஆயுளுக்கும் பொறுமையே வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் 'டீப் ஸ்பேஸ் 1' கலத்திற்கு மாற்றாக வைத்திருந்த அயனிப்பொறியை 1998 முதல் 2003 வரை தரையில் 30,352 மணி நேரம் ஓட்டினார்கள். கலமோ 2001-லேயே பணி முடித்துக்கொண்டது!

அவ்வகைப் பொறிகள் மூன்றைத் திரும்பும் மூட்டுகளில் தாங்கி, 2007-இல் 'டான்' என்னும் கலம் புறப்பட்டது. கலத்தைத் திசை திருப்பும் சுழல்சக்கரங்களில் ஒன்று 2010-இலும் மற்றொன்று 2012-இலும் பழுதுற்றன. அதன் பின்னும் 2015-இல் அது சீரிஸ் என்னும் குறுங்கோளை அடைந்தது. 2018-இல் ஹைட்ரசீன் எரிபொருள் தீர்ந்த பிறகே அதன் பணி நின்றது.