ஃப்யூயல் ஃபில்டர் மாத்தப் போறீங்களா? முதல்ல விளக்கை கவனிங்க!

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அப்பா எங்கள் பழைய கார்புரேட்டர் காரின் பானெட்டைத் திறந்து, ஃப்யூயல் ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேம்பாலம் ஏறும்போதெல்லாம் வண்டி திணறியதுதான் காரணம். ஹோஸிலிருந்து பெட்ரோல் சொட்டிய நேரம் பார்த்து, துளசி மாடத்துக்கு விளக்கேற்ற அம்மா தீப்பெட்டியோடு வந்தார். அப்பா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. நல்லவேளை, குச்சியை உரசவில்லை!

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்துபோய், தள்ளி இருக்கும் நெருப்பையும் எட்டிப்பிடிக்கும். அதனால்...

* இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பகலில், திறந்தவெளியில் செய்யுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

* சொட்டும் பெட்ரோலை டப்பாவில் பிடியுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

* புது ஃபில்டரில் உள்ள அம்புக்குறி, பெட்ரோல் இன்ஜினுக்குப் போகும் திசையில் இருக்க வேண்டும். கிளிப்புகளையும் புதிதாகப் போடுங்கள்.

* ஸ்டார்ட் செய்து, கசிவு இல்லை என்று உறுதியான பிறகே வண்டியை எடுங்கள்.

இதெல்லாம் பழைய கார்களுக்குத்தான். இன்ஜெக்‌ஷன் கார்களில், இன்ஜினை நிறுத்திய பிறகும் லைனில் அழுத்தம் இருக்கும்; ஹோஸைக் கழற்றினால் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும். பல கார்களில் ஃபில்டர் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

எங்கள் கார் இப்போது திணறாமல் மேம்பாலம் ஏறுகிறது. அம்மாதான் தினமும் விளக்கேற்றும் முன், “பானெட்டை மூடியாச்சா?” என்று கேட்கிறார்!